தொலைபேசியில் ஆலோசனை, தொலைதூரத்தில் மாத்திரை

புது தில்லி: மனச்சோர்வுக்கான மாத்திரையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது சில நிமிட வேலை. அதை அவர் மாதக்கணக்கில் விடாமல், சரியான அளவில் உட்கொள்ளும்படி பார்த்துக் கொள்வதுதான் உண்மையான சிகிச்சை. அந்த மாதங்களில் நோயாளிக்கு எத்தனையோ சந்தேகங்கள் எழும். தலைசுற்றுகிறதே, நிறுத்திவிடலாமா? மூட்டுவலிக்கு வேறு மாத்திரை சாப்பிடலாமா? தூக்கம் வந்துவிட்டது, இனியும் மருந்து தேவையா? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய மனநல மருத்துவர், பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்.

இந்தத் தூரத்தைத் தொலைபேசியும் காணொலியும் குறைக்க முடியுமா என்பதே 2020-ம் ஆண்டு முதல் மத்திய அரசு மேற்கொண்டுவரும் முயற்சி. அதற்கான சட்ட வழி திறக்கப்பட்டுவிட்டது. கட்டணமில்லாத உதவி எண்ணும் வந்துவிட்டது. எனினும், ஆலோசனை வந்து சேரும் வேகத்தில் மருந்தும் தொடர் கண்காணிப்பும் வந்து சேருகின்றனவா என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

9 ஆயிரம் பேர் போதுமா?

பெங்களூரில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்), தமிழகம் உள்பட 12 மாநிலங்களில் 2015-16-ம் ஆண்டில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பிரச்னை இருப்பதாகவும், 20 பேரில் ஒருவர் வாழ்வின் ஏதேனும் ஒரு கட்டத்தில் மனச்சோர்வுக்கு ஆளாவதாகவும் அந்த ஆய்வு தெரிவித்தது. அதைவிடக் கவலை தரும் தகவல் ஒன்றும் அதில் இருந்தது. பாதிப்பின் வகையைப் பொருத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையே பெறவில்லை. 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கையும் இதைச் சுட்டிக்காட்டியது.

சுகாதாரம் மற்றும் குடும்ப நலத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, மனநல சிகிச்சை குறித்த தனது 148-வது அறிக்கையை 2023 ஆகஸ்டில் அளித்தது. ஒரு லட்சம் மக்களுக்கு 3 மனநல மருத்துவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் 0.75 பேரே உள்ளனர் என்றது அந்த அறிக்கை. நாடு முழுவதும் ஏறத்தாழ 9 ஆயிரம் பேர் இருக்கின்றனர். இன்னும் 27 ஆயிரம் பேர் தேவை.

எம்பிபிஎஸ் முடித்து, அதன் பிறகு முதுநிலைப் படிப்பையும் முடித்து 27 ஆயிரம் பேர் உருவாவது ஓரிரு ஐந்தாண்டுகளில் நடக்கக்கூடிய காரியமல்ல. எனவே, இருக்கின்ற 9 ஆயிரம் பேரின் அறிவை அவர்கள் இல்லாத ஊர்களுக்கு எப்படிக் கொண்டு செல்வது என்பதே இப்போதைய பிரச்னை.

முதல் மாதமே முக்கியம்

மனச்சோர்வு மருந்துகளின் தன்மையைப் புரிந்துகொண்டால்தான் இந்தப் பிரச்னையின் தீவிரம் விளங்கும். காய்ச்சல் மாத்திரையைப்போல இவை உடனே பலன் தருவதில்லை. பலன் தெரியத் தொடங்கவே 2 முதல் 4 வாரங்கள் ஆகும். சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். ஆனால் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு, பதற்றம் போன்ற பக்க விளைவுகள் முதல் சில நாள்களிலேயே வந்துவிடும். நன்மை தாமதமாகவும் தொல்லை முன்னதாகவும் வருவதால், "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நோயாளி தாமாகவே முடிவு செய்துவிடுகிறார். முதல் வாரத்தில் யாராவது ஒருவர் விளக்கம் சொல்லியிருந்தால் அவர் தொடர்ந்திருக்கக்கூடும்.

இரண்டாவது ஆபத்து குணமடைந்த பிறகு வருகிறது. அறிகுறிகள் நீங்கிய பிறகும் குறைந்தது 6 மாதங்களாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ நடைமுறை. நலமாகிவிட்டோம் என்று திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை தோன்றலாம். பராக்செடின் போன்ற மருந்துகளில் இது அதிகம். உடலில் நீண்ட நாள் தங்கும் ஃபுளுவோக்சிடினில் குறைவு. இதை நோய் திரும்பிவிட்டதாகத் தவறாகக் கருதுவோரும் உண்டு. மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது எப்படி என்பதை மருத்துவர் மட்டுமே சொல்ல முடியும்.

மூன்றாவது, நோயாளி சொல்ல மறப்பவை. மனச்சோர்வோடு வருபவருக்கு முன்பு எப்போதாவது மிகையான உற்சாகமும் தூக்கமின்மையும் ஊதாரித்தனமும் இருந்தனவா என்று கேட்டறிய வேண்டும். இருந்திருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். டிரமடால் என்ற வலி நிவாரணியுடன் இம்மருந்துகள் சேர்ந்தால் ஆபத்தான விளைவு ஏற்படக்கூடும். சாதாரண மூட்டுவலி மாத்திரைகளுடன் சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம்.

இளைஞர்களிடம் தனிக் கவனம் தேவை. சிகிச்சையின் தொடக்க வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004-ம் ஆண்டில் சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் குறித்து எச்சரித்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2007-ம் ஆண்டில் அந்த எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டித்தது. மருந்தே கொடுக்கக் கூடாது என்பது இதன் பொருளல்ல; கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிடக் கூடாது என்பதே பொருள்.

மேற்கண்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. முகம் பார்த்து, பேச்சைக் கேட்டு, சரியான வினாக்களை எழுப்ப வேண்டும். தொலை மருத்துவத்துக்கு மனநல சிகிச்சை பொருத்தமாக அமைவது இதனால்தான். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கும் இதயத் துடிப்புப் பதிவுக்கும், தற்கொலை அபாயம் நெருங்கிய நிலையில் உடனடிப் பாதுகாப்புக்கும், அருகிலேயே ஒரு மருத்துவமனை இருந்தாக வேண்டும்.

சட்டம் திறந்த கதவு

கரோனா பொது முடக்கம் தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 25-ம் தேதி, தொலை மருத்துவ நடைமுறை வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் அவை மருத்துவர்களின் தொழில் ஒழுக்க விதிகளோடு இணைக்கப்பட்டன. அதுவரை, நேரில் பார்க்காத நோயாளிக்கு மருந்து எழுதுவது சட்டப்படி சரியா என்ற தயக்கம் மருத்துவர்களிடையே இருந்தது. பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் நாட்டின் எந்தப் பகுதியில் உள்ள நோயாளிக்கும் தொலைவிலிருந்து ஆலோசனை வழங்கலாம் என்று இந்த நெறிமுறைகள் தெளிவுபடுத்தின.

மருந்துகள் பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டன. மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கப்படுபவை "ஓ' பட்டியலில் வரும். முதல் ஆலோசனை காணொலி வழியாக நடந்தால் எழுதத் தக்கவை "ஏ' பட்டியலில் வரும். ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு, அதே நோய்க்கான தொடர் ஆலோசனையில் கூடுதலாகச் சேர்க்கத் தக்கவை "பி' பட்டியலில் வரும். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளுக்குப் பொதுவாகத் தடை விதிக்கப்பட்டது. அதில் ஒருசில மருந்துகளுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. மனநல மருத்துவர்களுக்கெனத் தனிச் செயல்பாட்டு நெறிமுறைகளை இந்திய மனநல மருத்துவச் சங்கமும் நிம்ஹான்ஸும் இந்தியத் தொலை மருத்துவச் சங்கமும் இணைந்து அதே ஆண்டில் வெளியிட்டன.

வாசல் திறந்தாலும் காவல் தளர்த்தப்படவில்லை. நோயாளியின் பெயரும் வயதும் உறுதி செய்யப்பட வேண்டும். மருத்துவரின் பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்க வேண்டும். தற்காலிகமாகவேனும் நோய் இன்னதென்று கணிக்காமல் மருந்து எழுதுவது தொழில் ஒழுக்க மீறலாகும். எந்தக் கட்டத்திலும் நோயாளியை நேரில் வரச் சொல்லும் உரிமை மருத்துவருக்கு உண்டு.

14416 என்ற எண்

2022-23-ம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டை மக்களவையில் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், தேசியத் தொலை மனநலத் திட்டத்தை அறிவித்தார். நிம்ஹான்ஸ் தலைமையில் 23 உயர் சிறப்பு மையங்களும், பெங்களூரு சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியும் என்பது திட்டம். அதே ஆண்டு அக்டோபர் 10-ம் தேதி, உலக மனநல நாளில், "டெலி-மானஸ்' என்ற பெயரில் அது தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணை 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்பட 20 மொழிகளில் சேவை உண்டு. 36 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 53 மையங்கள் அமைக்கப்பட்டன. 2025-ம் ஆண்டில் அழைப்புகளின் எண்ணிக்கை 20 லட்சத்தைக் கடந்தது. இதற்கான செல்போன் செயலியும் காணொலி ஆலோசனையும் 2024 அக்டோபரில் அறிமுகமாயின.

இது சிறிய சாதனை அல்ல. மனநல மருத்துவமனை வாசலை மிதிக்கவே கூச்சப்படும் சமூகத்தில், தன் பெயரைக்கூட ஊருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு உதவி கேட்க ஒரு வழி கிடைத்திருக்கிறது.

ஆனால் இந்த எண்ணில் முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு இல்லை. தேவை என்று அவர் கருதினால் அழைப்பு மனநல நிபுணருக்கு மாற்றப்படும். நேரடி சிகிச்சை அவசியமெனில் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அல்லது இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலை மருத்துவச் சேவைக்கோ நோயாளி அனுப்பப்படுவார். மாவட்ட மனநலத் திட்டத்துக்கு 767 மாவட்டங்களில் ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்துள்ளது. அழைப்பை ஏற்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அவர் கைகாட்டும் மாவட்ட மருத்துவமனையில் மருத்துவர் பணியிடம் காலியாக இருந்தால் அந்த அழைப்பு ஆறுதல் வார்த்தையோடு முடிந்துவிடும்.

மருத்துவருக்கு மருத்துவர்

நோயாளி நேரடியாக நிபுணரைத் தேடுவது ஒரு வழி. உள்ளூர் மருத்துவர் நிபுணரைத் தேடுவது மற்றொரு வழி. அதிகம் பேசப்படாத இந்த இரண்டாவது வழிதான் கிராமப்புறங்களுக்கு ஏற்றது என்று கருத இடமிருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடல்வலி, அசதி, தூக்கமின்மை என்று வருவோரில் பலருக்கு அடிப்படைக் காரணம் மனச்சோர்வாக இருக்கும். அங்குள்ள எம்பிபிஎஸ் மருத்துவர் இதைக் கண்டறிந்து மருந்து எழுதச் சட்டம் தடையாக இல்லை. அவரிடம் குறைவது பயிற்சியும் தன்னம்பிக்கையும்தான். இதைப் போக்கவே நிம்ஹான்ஸ், மெய்நிகர் அறிவு வலைப்பின்னல் வழியாகத் தொலைதூரப் பயிற்சிகளை நடத்தி வருகிறது. பிகார் மருத்துவர்களுக்காகப் பட்டயப் பயிற்சி தொடங்கப்பட்டது. சத்தீஸ்கரில் அரசு மருத்துவர்களுக்குத் தொலைதூர வழிகாட்டல் திட்டம் செயல்படுத்தப்பட்டது. இப்பயிற்சியின் ஒரு முறை குறிப்பிடத்தக்கது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தமது நோயாளிகளைப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே, பெங்களூரில் இருக்கும் மனநல மருத்துவர் காணொலியில் உடனிருந்து வழிகாட்டுகிறார்.

இதில் பொறுப்பு யாருடையது என்பதையும் 2020-ம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவரிடம் தொலைவிலிருந்து ஆலோசனை கேட்டாலும், சிகிச்சைக்குப் பொறுப்பானவர் ஆலோசனை கேட்டவரே. நோயாளிக்கு இது நல்லது. அறிவு பெங்களூரிலிருந்து வரலாம். அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டிய முகம் உள்ளூரிலேயே இருக்கும்.

புதுக்கோட்டையில் ஓடிய பேருந்து

இந்த விஷயத்தில் தமிழகத்துக்கு முன்னோடி அனுபவம் ஒன்று உண்டு. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ம் ஆண்டில் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு (ஸ்கார்ஃப்), 2010-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடமாடும் தொலை மனநல சிகிச்சையைத் தொடங்கியது. இதற்கெனவே வடிவமைக்கப்பட்ட பேருந்து கிராமங்களுக்குச் சென்றது. அதனுள் அமர்ந்த நோயாளி, சென்னையில் இருந்த மனநல மருத்துவருடன் காணொலியில் பேசினார். பேச்சு முடிந்ததும் பேருந்திலேயே இருந்த மருந்தகத்தில் மாத்திரை வழங்கப்பட்டது.

டெலி-மானஸ் வருவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இம்முயற்சி, காணொலித் திரைக்குப் பக்கத்திலேயே மருந்து அலமாரியும் இருக்க வேண்டும் என்பதைச் செயலில் காட்டியது.

பொறுப்பேற்காத ஆலோசகர்கள்

முறையான வழி அடைபட்டால் மக்கள் வேறு வழி தேடுவார்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவது, உறவினருக்கு எழுதிய மாத்திரையைத் தானும் விழுங்குவது, தூக்க மாத்திரையையே மனச்சோர்வு மருந்தாக எண்ணிக்கொள்வது என இது பல வகை. அல்பிரசோலம் போன்ற பதற்றத் தணிப்பு மருந்துகள் பழக்கத்தை ஏற்படுத்தக் கூடியவை. அதனால்தான் அவற்றை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்து, 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று "எச்-1' அட்டவணை விதி கூறுகிறது. மனச்சோர்வு மருந்துகள் அவ்வகைப் பழக்கத்தை ஏற்படுத்துவதில்லை. ஆயினும், அவையும் மருந்துச் சீட்டின்றி விற்கத் தக்கவை அல்ல.

இப்போது இயந்திரமும் ஆலோசகராகிவிட்டது. கேட்ட மாத்திரத்தில் பதில் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் செல்போன் தோறும் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிகளுக்கு ஆலோசனை வழங்கவோ மருந்து பரிந்துரைக்கவோ அனுமதி இல்லை என்று 2020-ம் ஆண்டு நெறிமுறைகளே தெளிவாகக் கூறியுள்ளன. மருத்துவருக்கு உதவியாக அவை பயன்படலாம் என்ற அளவோடு நெறிமுறை நிற்கிறது. மருந்தைப் பற்றிய பொதுத் தகவல் இயந்திரத்திடம் கிடைக்கலாம். தவறு நேர்ந்தால் பதில் சொல்லப் பதிவு எண் கொண்ட ஒருவர் அங்கே இல்லை.

அவையில் கேட்க வேண்டியவை

2017-ம் ஆண்டு மனநல சிகிச்சைச் சட்டத்தின் 18-வது பிரிவு, மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக அங்கீகரித்துள்ளது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. அமிட்ரிப்டிலின், எஸ்சிடலோபிராம், ஃபுளுவோக்சிடின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் 2022-ம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. எனவே, இந்த மாத்திரைகள் கிடைப்பது அரசின் கருணை அல்ல. சட்டம் தந்த உரிமை.

தொலை மனநலத் திட்டத்துக்கு 2023-24-ம் ஆண்டு பட்ஜெட்டில் சுமார் ரூ.134 கோடி ஒதுக்கப்பட்டது. 2024-25-ல் அது ரூ.90 கோடியாகவும், 2025-26-ல் ஏறத்தாழ ரூ.80 கோடியாகவும் குறைந்தது. அழைப்புகள் பெருகிவந்த காலத்தில் ஒதுக்கீடு சுருங்கியது ஏன் என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமே.

அதைவிட முக்கியமான கேள்விகளும் உள்ளன. எத்தனை அழைப்புகள் வந்தன என்பதற்கு அமைச்சகத்திடம் கணக்கு இருக்கிறது. மருந்து தேவை என்று அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் மருத்துவரைச் சென்றடைந்தனர்? எத்தனை பேருக்கு இலவச மாத்திரை கிடைத்தது? அவர்களில் எத்தனை பேர் 6 மாதங்கள் மருந்தைத் தொடர்ந்தனர்? சமுதாய சுகாதார நிலையங்களில் இம்மூன்று மருந்துகளும் எத்தனை நாள் இருப்பு இல்லாமல் போயின? மனநல சேவையை மதிப்பிட இவைதான் உரிய அளவுகோல்கள்.

2022-ம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தெரிவித்தது. அவை அனைத்துக்கும் மனச்சோர்வே காரணம் அல்ல. கடன், குடும்பத் தகராறு, நோய் எனக் காரணங்கள் பல. ஆனால் தற்கொலை இறப்புகளை 2030-ம் ஆண்டுக்குள் 10 சதவீதம் குறைப்போம் என்று 2022 நவம்பரில் தேசிய உத்தியை வெளியிட்ட அரசுக்கு, சிகிச்சையால் குணமாகக் கூடிய ஒரு நோயைச் சிகிச்சையின்றி விட்டுவைக்க நியாயம் கிடையாது.

மனச்சோர்வு மருந்து உட்கொள்பவர் தாமாக அதை நிறுத்த வேண்டாம்; சந்தேகம் எழுந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமோ, அவர் கிடைக்காவிட்டால் பதிவு பெற்ற வேறொரு மருத்துவரிடமோ தொலைபேசியிலாவது கேட்க வேண்டும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுவோரும், அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் தாமதிக்காமல் 14416-ஐ அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அருகில் உள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். இவை குடிமக்கள் செய்ய வேண்டியவை. அழைத்தவர் மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அங்கே மருத்துவரும் மாத்திரையும் இருக்கும்படி செய்வது மத்திய, மாநில அரசுகளின் பொறுப்பு.